தோள், கை வலிகளைப் படிப்படியாகப் பிரித்தறிதல்: தசைநாண் உபாதைகளும் நரம்பு அழுத்தங்களும்

தோளுக்கும் விரல் நுனிக்கும் இடையில் எங்கோ ஒரு வலியோ மரப்போ தொடங்கிச் சில வாரங்களாகியும் தணியாதபோது, பெரும்பாலோர் முதலில் தேடுவது ஒரு நோய்ப்பெயரைத்தான். அப்பெயரைத் தேடுவதற்கு முன்பு, தொந்தரவு தசைநாணிலிருந்து வருகிறதா, நரம்பிலிருந்து வருகிறதா என்பதையும், நரம்பு என்றால் கழுத்திலிருந்து மணிக்கட்டு வரையிலான அதன் நெடும்பாதையில் எந்த இடத்தில் நெருக்கப்படுகிறது என்பதையும் ஓரளவு பிரித்துப் பார்த்துவிடுவது நல்லது. இரண்டும் ஒரே கையில் ஒரே நேரத்தில் இருக்கக்கூடும் என்றாலும் அவற்றுக்கான கவனிப்பு வேறு வேறு. தசைநாண் தேறுவதற்கு அளவறிந்து ஏற்றப்படும் பாரம் வேண்டும். நெருக்கப்பட்ட நரம்புக்கோ முதலில் நெருக்கம் நீங்க வேண்டும்.

தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாண் பெரும்பாலும் கொலாஜன் என்னும் புரத இழைகளால் ஆனது. அதற்கு இரத்த ஓட்டம் குறைவு என்பதால் தேறுவதும் மெதுவாகவே நடக்கும். இழைகள் தம்மைச் சீர்செய்துகொள்ளும் வேகத்தை மிஞ்சி ஒரே அசைவு திரும்பத் திரும்ப நிகழும்போது அவை ஒழுங்கு குலைந்து தடிக்கின்றன. இதை வெறும் அழற்சி என்று கருதி வலிமாத்திரையிலேயே மாதக்கணக்கில் காலம் தள்ளுவது பயன் தராததற்குக் காரணம் இதுவே. நரம்பின் கதை வேறு. அழுத்தம் முதலில் நரம்பின் நுண்ணிய இரத்த ஓட்டத்தைத் தடுக்கிறது, பிறகு அதன் மேலுறையைச் சிதைக்கிறது, நெடுநாள் நீடித்தால் உள்ளிருக்கும் நாரையே அறுக்கிறது. முதல் நிலையில் கையை உதறினால் போதும், மரப்பு போய்விடும். கடைசி நிலையில் நார் மீண்டும் வளர்ந்தாக வேண்டும், அந்த வளர்ச்சி நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் மட்டுமே. நரம்பு அறிகுறிகளைத் தள்ளிப்போடக் கூடாது என்று மருத்துவர்கள் வற்புறுத்துவதன் பின்னால் இந்தக் கணக்கு இருக்கிறது.

முதற்படி: காத்திருக்கக் கூடாதவற்றை ஒதுக்குதல்

தோளில் உணரப்படும் வலி எல்லாம் தோளில் பிறந்ததல்ல. நெஞ்சு இறுக்கம், மூச்சுத்திணறல், வியர்வை ஆகியவற்றோடு கையிலோ தாடையிலோ வலி வந்தாலும், கையை அசைக்காமல் நடக்கும்போதும் படியேறும்போதும் மட்டும் தோள்வலி கூடி, நின்றவுடன் குறைந்தாலும் இதயத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். பித்தப்பை உபாதை வலது தோளில் வலியாகத் தெரியலாம். பித்தப்பை உறுத்தும் உதரவிதானத்துக்கு, அதாவது நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசைக்குப் போகும் நரம்பும் தோள் நுனியின் தோலுக்குப் போகும் நரம்பும் கழுத்துத் தண்டுவடத்தின் ஒரே பகுதியிலிருந்து புறப்படுவதே இதற்குக் காரணம். நுரையீரலின் உச்சியில் வளரும் கட்டி தோள்வலியாகவும் கையின் உட்புற வலியாகவும் தொடங்கக்கூடும் என்பதால், புகைபிடிப்பவருக்கு ஓயாத தோள்வலியோடு அதே பக்கத்துக் கண்ணிமை தாழ்ந்திருந்தால் அதைத் தசைவலி என்று விட்டுவிடக் கூடாது.

கை திடீரென வீங்கி நீலம் பாய்ந்தால் அது நாளத்தில் இரத்தம் உறைந்ததன் அறிகுறியாக இருக்கலாம். காய்ச்சலோடு மூட்டு சூடேறி வீங்குவது தொற்றாக இருக்கலாம். விழுந்தபின் கையைத் தூக்கவே முடியாமல் போவது எலும்பு முறிவாகவோ தசைநாண் கிழிவாகவோ இருக்கலாம். முகம் கோணிப் பேச்சு குழறி ஒரு கை சட்டென வலுவிழந்தால் அது பக்கவாதம், ஒரு நிமிடமும் தாமதிக்கலாகாது. இவற்றைவிட எளிதில் தவறவிடப்படும் ஒன்று உண்டு: இரண்டு கைகளிலும் மெல்லத் தடுமாற்றம் வந்து, பொத்தான் போடுவதும் எழுதுவதும் கடினமாகி, நடையிலும் தள்ளாட்டம் தெரிவது. கழுத்தில் தண்டுவடமே நெருக்கப்படும்போது இப்படி நேரும். வலி அதிகம் இல்லாததால் பலர் இதை வயதின் மேல் பழி போட்டுவிடுகிறார்கள்.

இரண்டாம் படி: ஒரு வாரம் குறித்துக்கொள்ளுதல்

மருத்துவரிடம் போவதற்கு முன் ஒரு தாளில் கையின் வடிவத்தை முன்னும் பின்னுமாக வரைந்து, வலிக்கும் இடத்தை ஒரு வண்ணத்திலும், மரக்கும் இடத்தையும் எறும்பு ஊர்வது போன்ற உணர்வு வரும் இடத்தையும் வேறு வண்ணத்திலும் தீட்டிவைக்க வேண்டும். எந்த நேரத்தில், எந்த நிலையில், எந்த வேலைக்குப் பின் அது கூடுகிறது, என்ன செய்தால் குறைகிறது என்பதையும் அருகிலேயே எழுதிவைக்கலாம். இந்த ஒரு தாள் தரும் தகவலைப் பல நேரங்களில் விலையுயர்ந்த ஸ்கேன் தருவதில்லை என்பது என் உறுதியான கருத்து.

தசைநாண் வலி பொதுவாகக் குறிப்பிட்ட அசைவோடு கட்டுண்டிருக்கும். காலையில் விறைப்பாக இருந்து, சற்று இயங்கியதும் இளகி, மிகையாக உழைத்த நாளுக்கு மறுநாள் கூடுதலாக வருத்தும். நரம்புத் தொந்தரவு எரிச்சலாகவும், மின்சாரம் பாய்வது போன்ற சுரீர் உணர்வாகவும், மரப்பாகவும் வெளிப்படும். கையை அசைக்காமல் ஒரே நிலையில் வைத்திருக்கும்போது, குறிப்பாகத் தூக்கத்தில், அது தலைகாட்டும். இதில் ஒரு பொறி உண்டு. தோள்மூட்டுத் தசைநாண்களின் வலி தோளின் உச்சியில் உணரப்படாமல் மேற்கையின் வெளிப்பக்க நடுவில் உணரப்படுவதே வழக்கம். அங்கே தைலம் தேய்த்துப் பயனில்லை. இவ்வலி முழங்கைக்குக் கீழே இறங்குவது அரிது. தோளில் தொடங்கி விரல்வரை ஓடும் வலியானால் கழுத்தைப் பார்க்க வேண்டும்.

மூன்றாம் படி: மரப்பின் வரைபடத்தைப் படித்தல்

கைக்குச் செல்லும் நரம்புகள் தண்டுவடத்திலிருந்து வேர்களாகக் கிளம்புகின்றன. அவை கழுத்தின் ஐந்தாம் வேர் முதல் மார்பின் முதல் வேர் வரையிலான ஐந்து வேர்களாகப் புறப்பட்டு, காரை எலும்பின் பின்னே பின்னலாகி, மீடியன், அல்னார், ரேடியல் முதலிய நரம்புகளாகப் பிரிந்து இறங்குகின்றன. ஒவ்வொன்றும் தோலின் எந்தப் பகுதியை உணர்கிறது என்பது ஏறக்குறைய நிலையானது. அதனால்தான் வண்ணம் தீட்டிய தாளுக்கு இத்தனை மதிப்பு.

கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரலின் பாதி ஆகியவை மரத்தால் அது மீடியன் நரம்பு. அது நெருக்கப்படும் வழக்கமான இடம் மணிக்கட்டிலுள்ள கார்ப்பல் டனல் என்னும் குறுகிய வழி. ஒன்பது தசைநாண்களும் இந்த ஒரு நரம்பும் அவ்வழியே போகின்றன. மணிக்கட்டை மடித்தாலும் பின்னோக்கி வளைத்தாலும் உள்ளே அழுத்தம் கூடும். உறங்கும்போது மணிக்கட்டு மடங்கிக் கிடப்பதால் நள்ளிரவில் மரப்பில் விழித்து, கையை உதறிய பிறகு நிம்மதி கிடைப்பது இந்நோயின் கிட்டத்தட்ட கையொப்பம் என்றே சொல்லலாம். இரு புறங்கைகளையும் ஒட்டவைத்து மணிக்கட்டுகளை 60 விநாடி மடித்திருக்கும்போது அதே விரல்கள் மரத்தால் சந்தேகம் வலுக்கிறது. கட்டைவிரலின் அடியிலுள்ள உள்ளங்கை மேட்டுத் தோல் மட்டும் மரக்காமல் இருக்கும், ஏனெனில் அதற்கான கிளை அந்த வழிக்குள் நுழையாமல் வெளியே போகிறது. அந்த மேடும் மரத்திருந்தால் நெருக்கம் மணிக்கட்டுக்கு மேலே எங்கோ இருக்கிறது என்று பொருள்.

இந்த உபாதைக்குக் கணினி விசைப்பலகையே காரணம் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அதற்கான சான்று வலுவற்றது. இறுகப் பிடித்துச் செய்யும் வேலை, அதிரும் கருவிகள் ஆகியவற்றோடுள்ள தொடர்பே உறுதியானது. சர்க்கரை நோய், தைராய்டுச் சுரப்புக் குறைவு, முடக்குவாதம், கர்ப்பம் ஆகியவையும் இதைத் தூண்டும். ஆகவே இரண்டு கைகளிலும் இது வந்தால் இரத்தப் பரிசோதனையையும் கேட்டுப் பெறுவது தகும். கர்ப்பகாலத்தில் வருவது பிரசவத்துக்குப் பின் பெரும்பாலும் தானே குறையும்.

சுண்டுவிரலும் மோதிரவிரலின் மறுபாதியும் மரத்தால் அது அல்னார் நரம்பு. முழங்கையின் உட்புற எலும்பு முனைக்குப் பின்னால், தோலுக்கு மிக அருகில் செல்லும் இதைத்தான் நாம் எதிலாவது இடித்துக்கொண்டு துடிக்கிறோம். முழங்கையை மடக்க மடக்க நரம்பு இழுபட்டு அதன் பாதையும் குறுகுகிறது. கைபேசியை நெடுநேரம் காதில் வைத்திருப்பவர்களுக்கும், கையை மடக்கித் தலைக்கடியில் வைத்து உறங்குபவர்களுக்கும், மேசை விளிம்பில் முழங்கையை ஊன்றுபவர்களுக்கும் இது வருவதில் வியப்பில்லை. கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடைப்பட்ட புறங்கைத் தசை குழிவிழத் தொடங்கினால், அல்லது சாவியைத் திருகும் பிடி தளர்ந்தால் நோய் முற்றுகிறது.

இங்கே இரண்டு நுட்பமான வேறுபாடுகள் மிகவும் உதவும். சுண்டுவிரல் பக்கத்துப் புறங்கையும் மரத்திருந்தால் நெருக்கம் முழங்கையில் இருக்க வாய்ப்பு அதிகம். புறங்கை நலமாக இருந்து விரல்கள் மட்டும் மரத்தால், மிதிவண்டியின் கைப்பிடியில் நெடுநேரம் சாய்ந்து ஓட்டுபவர்களுக்கு நேர்வதுபோல மணிக்கட்டில் இருக்கலாம். முன்கையின் உட்புறமும் சேர்ந்து மரத்தால் அது அல்னார் நரம்பின் எல்லைக்கு வெளியே என்பதால், கழுத்து வேரையோ காரை எலும்பின் பின்புறத்தையோ சந்தேகிக்க வேண்டும்.

நாற்காலிச் சாய்மானத்தின் மேல் கையைத் தொங்கவிட்டு ஆழ்ந்து உறங்கியவர் எழுந்ததும் மணிக்கட்டை உயர்த்த முடியாமல் போவது ரேடியல் நரம்பின் வேலை. பார்க்க அச்சமூட்டினாலும் பெரும்பாலும் சில வாரங்களிலோ சில மாதங்களிலோ தேறிவிடும். அதுவரை மணிக்கட்டைத் தாங்கும் ஸ்ப்ளின்ட் என்னும் விறைப்பான பட்டை தேவை.

கழுத்து வேர் நெருக்கப்பட்டால், ஆறாம் வேர் கட்டைவிரலிலும், அதிகம் பாதிக்கப்படும் ஏழாம் வேர் நடுவிரலிலும், எட்டாம் வேர் சுண்டுவிரலிலும் தெரியும். தோள்பட்டை எலும்பின் உள்விளிம்பில் ஆழமான வலி கூடவே இருப்பதும், தலையை அண்ணாந்து அந்தப் பக்கமாகச் சாய்த்தால் வலி கைக்குள் இறங்குவதும், அதே கையைத் தலைமேல் வைத்துக்கொண்டால் சுகமாக இருப்பதும் இதன் அடையாளங்கள். கடைசி அடையாளம் குறிப்பாகக் கவனிக்கத்தக்கது, ஏனெனில் தோள்மூட்டு உபாதை உள்ளவருக்குக் கையைத் தலைமேல் கொண்டுபோவதே துன்பம். கழுத்து வேர் வலியில் பெரும்பாலானவை சில வாரங்கள் முதல் சில மாதங்களுக்குள் அறுவை இல்லாமலே அடங்குகின்றன.

காரை எலும்புக்கும் முதல் விலா எலும்புக்கும் இடையே நரம்புப் பின்னலோ இரத்தக் குழாயோ நெருக்கப்படுவதைத் தொராசிக் அவுட்லெட் சிண்ட்ரோம் என்பார்கள். மிகப் பெரும்பாலும் நரம்பே பாதிக்கப்படும். கழுத்தில் கூடுதல் விலா எலும்போடு பிறந்தவர்களுக்கு வாய்ப்பு அதிகம். கைகளை உயர்த்தி 3 நிமிடம் விரல்களை மூடித் திறக்கும் சோதனை இதற்குப் பயன்படுகிறது. ஆனால் நலமுள்ளவர்களுக்கே அதில் கை சோர்ந்து மரக்கலாம் என்பதால், அந்த ஒன்றை மட்டும் நம்பி இந்நோயைத் தனக்குத்தானே சூட்டிக்கொள்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மற்றவற்றை விலக்கிய பிறகு எட்ட வேண்டிய முடிவு இது.

ஒரே நரம்பு இரண்டு இடங்களில் நெருக்கப்படுவதும் உண்டு. கழுத்தில் சற்று நெருக்கப்பட்ட நரம்பு மணிக்கட்டில் எளிதில் பாதிக்கப்படுகிறது என்ற கருத்தை 1973-இல் அப்டன், மெக்கோமஸ் என்ற இருவர் முன்வைத்தனர். அதன் விளக்கம் இன்றும் விவாதத்திற்குரியதே. ஆயினும் மணிக்கட்டு அறுவைக்குப் பிறகும் மரப்பு முழுமையாகத் தீராதவரின் கழுத்தைப் பரிசோதிப்பது நியாயமான அடுத்த அடி.

நான்காம் படி: தோள்மூட்டைச் சோதித்தல்

வரைபடத்தில் மரப்பே இல்லாமல் வலி மட்டும் இருந்தால் தோள்மூட்டின் பக்கம் திரும்பலாம். இங்கு ஒரே ஒரு கேள்வி பெரும்பகுதியைத் தீர்த்துவிடும்: நீங்கள் தூக்க முடியாத கையை இன்னொருவர் தூக்கிவிட முடிகிறதா? முழங்கையை விலாவோடு ஒட்டி 90 பாகைக்கு மடக்கிக்கொண்டு முன்கையை வெளிப்புறமாகத் திருப்ப வேண்டும். வலியில்லாத கையோடு ஒப்பிட்டால் அந்தத் திருப்பம் வெகுவாகக் குறைந்திருந்து, துணைக்கு நிற்பவர் மெல்லத் திருப்பினாலும் நகராவிட்டால் மூட்டின் உறையே சுருங்கியிருக்கிறது. உறைந்த தோள் எனப்படும் இது 40 வயது முதல் 60 வயது வரை உள்ளவர்களிடமும், சர்க்கரை நோயாளிகளிடமும் அதிகம். கடும் வலியோடு தொடங்கி, இறுகி, பிறகு இளகும். இது ஓராண்டு முதல் மூன்றாண்டு வரைகூட நீளும். மூட்டுத் தேய்மானமும் இதேபோல் இறுக்கும் என்பதால் ஒரு எக்ஸ்ரே எடுப்பது முறை.

பிறர் தூக்கினால் கை முழுமையாக உயர்ந்து, தானே தூக்கும்போது மட்டும் வலித்தால் ரொட்டேட்டர் கஃப் என்னும் நான்கு தசைகளின் நாண்களே பெரும்பாலும் பொறுப்பு. கையைப் பக்கவாட்டில் உயர்த்தும்போது சுமார் 60 பாகையிலிருந்து 120 பாகைவரை வலித்து, அதைத் தாண்டியதும் வலி குறைவது இதன் வழக்கமான வடிவம். 1972-இல் சார்லஸ் நீர் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர், மேலே இருக்கும் எலும்பு முனை தசைநாணில் உரசுவதே காரணம் என்று விளக்கியபின், அந்த எலும்பைச் சீவும் அறுவை உலகெங்கும் பெருகியது. ஆனால் பிரிட்டனிலும் பின்லாந்திலும் நடந்து 2017, 2018 ஆண்டுகளில் வெளியான இரு ஆய்வுகள், எலும்பைச் சீவாமல் மூட்டைக் கருவி நுழைத்துப் பார்த்து மட்டும் மூடப்பட்ட நோயாளிகளைவிடச் சீவப்பட்டவர்கள் குறிப்பிடத்தக்க அளவு மேலாகத் தேறவில்லை என்று காட்டின. எனவே இன்று முதல் சிகிச்சை உடற்பயிற்சியே. விபத்திற்குப் பின் திடீரென ஏற்பட்ட முழுக் கிழிவு மட்டும் விதிவிலக்கு, அதற்கு அறுவை மருத்துவரை விரைந்து காண வேண்டும்.

தசைநாணில் சுண்ணாம்பு படிவதால் சில நாள் தாங்கவொண்ணாத வலி வந்து அடங்குவதுண்டு. தோள்பட்டை எலும்பு முதுகிலிருந்து சிறகுபோல் துருத்திக்கொண்டு நின்றால், விலாப்புறம் இறங்கும் நீள நரம்பு பாதிக்கப்பட்டிருக்கலாம். இதற்குப் பாரமான முதுகுப்பையும் ஒரு காரணம்.

முழங்கையின் வெளிப்புற முனையில் அழுத்தினால் வலித்து, உள்ளங்கை கீழே பார்க்கப் பொருளைத் தூக்கும்போது கூடினால் டென்னிஸ் எல்போ. டென்னிஸ் மட்டையைத் தொடாதவர்களுக்கே இது பெரும்பாலும் வருகிறது. கட்டைவிரலின் அடியில் மணிக்கட்டோரம் வலித்தால், 1895-இல் விவரித்த மருத்துவரின் பெயராலேயே வழங்கும் டி குவர்வைன் உபாதை. கைக்குழந்தையை அக்குள் பிடித்துத் தூக்கும் தாய்மார்களுக்கு இது மிகுதி. கட்டைவிரலை விரியவைக்காமல், குழந்தையின் அடியில் கைகளை நுழைத்துத் தூக்கினால் பாதி வேலை முடிந்தது.

ஐந்தாம் படி: வீட்டிலிருந்தே தொடங்கக்கூடியவை

நரம்பு நெருக்கத்தில் முதல் மருந்து இரவுதான். கார்ப்பல் டனல் தொந்தரவுக்கு மணிக்கட்டை நேராக வைத்திருக்கும் ஸ்ப்ளின்ட்டை ஆறு வாரமாவது தொடர்ந்து இரவில் அணிய வேண்டும். அது மணிக்கட்டைப் பின்னோக்கி வளைப்பதாக இருந்தால் பயன் குறையும், இறுகக் கட்டுவதும் தவறு. அல்னார் நரம்புக்கு, ஒரு துண்டை முழங்கையைச் சுற்றித் தளர்வாகக் கட்டி, கை முழுமையாக மடங்காதபடி செய்துகொண்டு உறங்கலாம். பகலில் முழங்கையை ஊன்றுவதை நிறுத்துவது அதைவிட முக்கியம். நரம்பைப் பலமாக நீட்டி இழுக்கும் பயிற்சிகளைத் தாமாகத் தொடங்க வேண்டாம், எரிச்சலுற்ற நரம்பு இழுபடுவதை விரும்புவதில்லை.

தசைநாணுக்கு முழு ஓய்வு உதவாது, கையைக் கழுத்திலிருந்து தொங்கும் துணித் தொட்டிலில் கட்டிப்போட்டால் தோள் இறுகிவிடும் ஆபத்தும் உண்டு. வலியைத் தூண்டும் ஓர் அசைவை மட்டும் அடையாளம் கண்டு, அதன் அளவையோ வேகத்தையோ உயரத்தையோ குறைக்க வேண்டும். தலைக்கு மேல் செய்யும் வேலைக்கு ஏணியில் ஒரு படி கூடுதலாக ஏறி நிற்பதுகூடத் தீர்வாகலாம். அதோடு, அசைவில்லாமல் தசையை இறுக்கும் பயிற்சியில் தொடங்கி, மெதுவாகப் பாரம் ஏற்றி இறக்கும் பயிற்சிக்கு முன்னேற வேண்டும். பயிற்சியின்போது தாங்கக்கூடிய வலி இருக்கலாம். அது மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்குத் திரும்பாவிட்டால் பாரம் அதிகம். இதன் பலன் தெரியப் பன்னிரண்டு வாரம்வரை ஆகும் என்பதைத் தொடக்கத்திலேயே மனத்தில் கொள்ள வேண்டும், ஏனெனில் பலரும் மூன்றாவது வாரத்தில் கைவிட்டுவிடுகிறார்கள்.

உறக்கத்தில் வலிக்கும் தோளின்மேல் படுக்காமல், மறுபக்கம் ஒருக்களித்து, முன்னால் ஒரு தலையணையை அணைத்து அதன்மேல் கையை வைத்துக்கொள்ளலாம். வேலையிடத்தில் மேசை, நாற்காலி உயரத்தைச் சரிசெய்வது நல்லதே, ஆனால் எந்தச் சிறந்த அமர்வு நிலையும் மூன்று மணி நேரம் அசையாமல் இருந்தால் கெட்ட நிலையாகிவிடும்.

ஆறாம் படி: பரிசோதனை, ஊசி, அறுவை

ஆறு வாரம் முறையாக முயன்றும் முன்னேற்றம் இல்லையென்றால் மருத்துவரையோ இயன்முறை மருத்துவரையோ காண வேண்டும். மரப்பு இடைவிடாமல் நிலைத்துவிட்டாலோ, பொருட்கள் கையிலிருந்து நழுவினாலோ, தசை மெலிந்தாலோ ஆறு வாரம்கூடக் காத்திருக்கலாகாது. நரம்பு எங்கே, எவ்வளவு பாதிக்கப்பட்டிருக்கிறது என்பதை நரம்புக் கடத்தல் சோதனை அளந்து சொல்லும். தொடக்க நிலையில் அது இயல்பாகவே வரக்கூடும் என்பதால், இயல்பான முடிவு நோய் இல்லை என்பதற்குச் சான்றாகாது. எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் நேர்மாறான சிக்கல்: 60 வயதைக் கடந்தவர்களில், தோள்வலியே இல்லாத பலருக்கும் அதில் தசைநாண் கிழிவு தெரியும். கழுத்தெலும்புத் தேய்மானமும் அப்படியே. உங்கள் வண்ணத் தாளோடு ஒத்துப்போகும் கண்டுபிடிப்புக்கு மட்டுமே சிகிச்சை அளிக்க வேண்டும், அறிக்கையில் அச்சாகியிருக்கும் ஒவ்வொரு வரிக்கும் அல்ல.

ஸ்டீராய்டு ஊசி எல்லா இடத்திலும் ஒரே பலனைத் தருவதில்லை. டி குவர்வைனுக்கு அது நன்றாகவே வேலை செய்கிறது. உறைந்த தோளின் வலிமிக்க தொடக்க நிலையில் நிவாரணம் தரும். கார்ப்பல் டனலில் சில மாதம் சுகம் கிடைக்கும். டென்னிஸ் எல்போவிலோ முதல் சில வாரம் அற்புதமாகத் தோன்றி, ஓராண்டு கழித்துப் பார்க்கும்போது ஊசி போடாதவர்களைவிட மோசமாக இருப்பதாக ஆய்வுகள் காட்டியுள்ளன, ஆகவே அங்கே மறுத்துவிடுவதே மேல். சர்க்கரை நோயாளிகளுக்கு ஊசிக்குப் பின் சில நாள் சர்க்கரை அளவு ஏறும் என்பதை முன்கூட்டியே கேட்டறிய வேண்டும்.

கார்ப்பல் டனல் அறுவை, மணிக்கட்டின் குறுக்கே எலும்புகளைப் பிணைத்து ஓடும் பட்டையை (இது தசைநாண் அல்ல) வெட்டி இடம் உண்டாக்கும் சிறிய அறுவை. அவ்விடத்தை மட்டும் மரக்கச் செய்து அன்றே வீடு திரும்பலாம். இரவு மரப்பு பெரும்பாலும் விரைவில் தணியும், உள்ளங்கையில் தழும்பைச் சுற்றிய வலியும் பிடியின் தளர்ச்சியும் சில மாதங்கள் நீடிக்கும். ஆனால் கட்டைவிரல் மேட்டுத் தசை மெலியும்வரை காத்திருந்தவருக்கு, அறுவைக்குப் பின்னும் அந்தத் தசை முழுமையாகத் திரும்பாமல் போகலாம்.